அல்வாப் பதத்தில் ஒரு சாக்லேட் ஃபட்ஜ்

என் மகளுடைய விடுதி விண்ணப்பம் பதினோரு நாளாக என் கையெழுத்துக்காகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மதுரையில் அவள் விரும்பிய படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. தங்குவதற்கு விடுதி வேண்டும், விடுதிக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். திங்கட்கிழமைதான் கடைசி நாள். நான் காலையில் அந்தத் தாளை எடுப்பேன், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பேன், பறக்காமலிருக்க ஊறுகாய்ப் பாட்டிலை மேலே ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். வீரகேரளம்புதூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பிறர் கொண்டுவரும் விண்ணப்பங்களில் என்ன குறை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். என் வீட்டு விண்ணப்பத்தில் குறை நான்தான் என்று என் மனைவி இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் டைப் ஒன் சர்க்கரை நோய் வந்தது. "பிள்ளை மிட்டாய் நெறைய தின்னுட்டாளோ?" என்று இன்றும் தென்காசியில் கேட்பவர்கள் உண்டு. தின்று வருவதல்ல அது. உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். அதை நாம் ஊசியில் கொடுக்க வேண்டும். கொடுக்கிற இன்சுலினுக்கும் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும் ஒவ்வொரு வேளையும் கணக்குச் சரியாக வர வேண்டும். சர்க்கரை கூடினால் மெல்லக் கெடுக்கும். குறைந்தால் சில நிமிடத்திலேயே ஆளைக் கீழே தள்ளிவிடும். ஆறு வருடமாக அவள் அதைச் சமாளித்து வந்தாள். ஊசி போட என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரமே "நானே போட்டுக்கிடுதேன்பா" என்று வாங்கிக்கொண்டவள் அவள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பள்ளித் தோழிகள் மூன்று பேருடன் ஐந்தருவிக்குப் போனாள். குற்றாலத்தில் அப்போதுதான் சீசன் தொடங்கியிருந்தது. மதியம் ஒரு மணி வாக்கில் அலுவலகத்தில் இருந்தபோது அவளுடைய கைப்பேசியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது தோழி. "அங்கிள், பயப்படாதீங்க" என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

எந்த வழியாக வண்டி ஓட்டினேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. சாரலில் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். கழற்றித் துடைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் ஒரு நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடையின் ஸ்டூலில் ஈரத்தலையுடன் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். தோளில் யாருடையதோ துண்டு. குளிருக்குப் பல் தந்தியடித்தது. என்னைப் பார்த்ததும் "ஆபீஸ்ல சொல்லிட்டு வந்தியளாப்பா?" என்று கேட்டாள்.

கடைக்கார அம்மாள்தான் விவரம் சொன்னார். "குளிச்சிட்டுப் படியில ஏறி வந்த புள்ள சட்டுனு உக்காந்துட்டா அண்ணாச்சி. என்ன கேட்டாலும் பேச்சு கொழறுது. கூட வந்ததுவ ஓடி வந்து குளுக்கோஸக் கரைச்சுக் குடுத்துச்சுவ. பத்து நிமிசத்துல புள்ள எந்திரிச்சிட்டா. இப்ப நீங்கதான் விழுந்திருவிய போல நிக்கிய. இங்கன உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தம்ளர் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது என்று தோழி மீட்டரைக் காட்டினாள். முப்பத்தெட்டு என்ற எண்ணை அதன் பிறகு எங்கே பார்த்தாலும், பேருந்தின் நெற்றியிலானாலும் கோப்பின் மேலட்டையிலானாலும், நான் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து நான் சாக்லேட் வாங்கத் தொடங்கினேன். சட்டைப் பையில் இரண்டு, வண்டிப் பெட்டியில் இரண்டு, அவள் பையில் நான்கு, வீட்டில் ஒவ்வொரு அறையிலும் கையெட்டும் இடத்தில் ஒன்று. சர்க்கரை இறங்கினால் வாயில் போட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

"அப்பா, சாக்லேட்ல கொழுப்பு இருக்கு. அது சீனிய ரத்தத்துக்கு லேசுல விடாது. அவசரத்துக்குக் குளுக்கோஸ்தான். ஆஸ்பத்திரில நீங்கதான நோட்ல எழுதுனிய?" என்றாள் மகள்.

எழுதியவன்தான். தெரியும்தான். ஆனாலும் கடை வாசலைத் தாண்டும்போது கை தானாகப் பைக்குள் போய்விடும். கூடவே தினமும் மணிக்கொரு தடவை அவளை அழைப்பேன். எடுக்கத் தாமதமானால் மனைவியை அழைப்பேன். "பிள்ளைக்குச் சுகர் எறங்கலங்க, உங்களுக்குத்தான் எதோ ஏறிட்டு" என்று அவள் சொல்வாள்.

கடைசி நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்த மகள், வீடு முழுக்கச் சுற்றி என் சாக்லேட் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டுவந்து சமையலறை மேடையில் குவித்தாள். பெரிதும் சின்னதுமாக ஒரு குன்று.

"இத வச்சு ஃபட்ஜ் பண்ணப் போறேன்" என்றாள். பர்பி மாதிரித் துண்டு போடுகிற சாக்லேட் இனிப்பு அது.

"எதுக்கு இப்போ?"

"அன்னைக்கு என்கூட நின்ன மூணு பேருக்கு. அடுத்த வாரம் ஆளுக்கொரு ஊருக்குப் போறாளுவ. சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன்."

"கடையில வாங்கிக் குடுத்தா ஆகாதா?"

"இதுவும் கடையில வாங்குனதுதான். வாங்குனது நீங்க."

என் மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

அவள் வேலை செய்கிற விதத்தை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் உறைகளைப் பிரித்து, சாக்லேட்டைச் சமையல் தராசில் நிறுத்தாள். முந்நூறு கிராம். கசப்புச் சாக்லேட் எவ்வளவு, பால் சாக்லேட் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்தாள். உறைகளைக் குப்பையில் போடாமல் மேடையில் வரிசையாக விரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்துக் கூட்டினாள். கண்டென்ஸ்டு மில்க் டின்னையும் திருப்பிப் பார்த்து அதையும் சேர்த்தாள். முப்பத்தாறு துண்டாக வெட்டினால் துண்டுக்குப் பதினொரு கிராம். அதற்கு எவ்வளவு இன்சுலின் என்று தாளின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டாள். ஒரு இனிப்பை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே அதன் ஒரு துண்டு தன் உடம்புக்குள் என்ன செய்யும் என்று அறிந்து வைத்திருக்கும் சமையல்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"எவ்வளவு நேரம் கிண்டணும்?" என்று கேட்டேன்.

"ஆறு நிமிசம். ஏழாகலாம்."

நான் நம்பவில்லை. எங்கள் குடும்பத்து விசேஷங்களில் கோதுமை அல்வா கிண்டுவது ஆண்கள் வேலை. சுந்தரபாண்டியபுரத்தில் நடந்த எத்தனையோ கல்யாணங்களில், பந்தலுக்குப் பின்னால், நானும் என் சித்தப்பா மகன்களும் ஆள் மாற்றி ஆள் நின்று மூன்று மணி நேரம் கிண்டியிருக்கிறோம். தோள் கழன்றுவிடும். உருளியின் ஓரத்தில் நெய் பிரிந்து வரும்வரை கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. நெய் பிரிந்தால்தான் பதம். ஆறு நிமிடத்தில் முடிகிற இனிப்பு எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிந்தது.

அடிகனமான பாத்திரத்தில் கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றினாள். ஒரு பெரிய கரண்டி வெண்ணெய், உடைத்த சாக்லேட், சிட்டிகை உப்பு. தீயை அடுப்பு அணைந்துவிடுமோ என்கிற அளவுக்குக் குறைத்தாள். மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறினாள். சாக்லேட் ஓரங்களில் மழுங்கி, சாய்ந்து, பாலுக்குள் கோடு கோடாக ஓடியது. வாசனை கிளம்பியது. நான் பக்கத்தில் நின்று சாக்லேட்டைப் பார்க்கவில்லை, அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வியர்வை அரும்பியிருந்தது. சாரல் காற்று ஜன்னல் வழியாக வீசுகிறது, அடுப்பில் தீயே இல்லை, இவளுக்கு எதற்கு வியர்க்கிறது?

நான் வாய் திறப்பதற்கு முன் அவளே கரண்டியை நீட்டினாள்.

"அப்பா, இத ஒரு நிமிசம் பிடிங்க. எனக்கு எறங்குது. எல்லாம் ஒண்ணாச் சேந்து பளபளன்னு ஆன ஒடனே அடுப்ப அமத்திருங்க. அதுக்கு மேல கிண்டாதிய."

சமையலறை வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மீட்டர்ப் பெட்டியைத் திறந்து விரலில் குத்திப் பார்த்தாள். "அம்பத்தெட்டு" என்றாள். என் மனைவி ஏற்கெனவே குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தாள். மகள் அதை வாங்கிக் கடகடவென்று குடித்தாள். மறுபடி பார்க்கக் கைப்பேசியில் பதினைந்து நிமிடத்துக்கு மணி வைத்து, மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"நாலு இட்லிக்கு ஊசி போட்டேன். இதச் செய்யணும்ங்கிற அவசரத்துல ரெண்டுதான் தின்னேன். என் தப்புதான்" என்றாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

நான் அவளையே பார்த்தேன். மார்பு ஏறி இறங்குகிறதா, கண் என்னைப் பார்க்கிறதா, பேச்சு குழறுகிறதா. ஐந்தருவியில் நான் பார்க்காமல் போன நிமிடங்கள் இப்போது என் சமையலறையிலேயே நடந்துகொண்டிருந்தன. கால் நகரவில்லை. கை மட்டும் கிண்டிக்கொண்டே இருந்தது. என் கைக்குத் தெரிந்த கிண்டல் ஒன்றுதான். அடி பிடிக்காமல், வட்டமாக, ஓரத்தை வழித்து, விடாமல். கொதிக்கிற வேகம் போதவில்லை என்று பட்டதோ என்னவோ, தீயையும் நானே கூட்டியிருக்கிறேன். கூட்டியது எனக்கு நினைவில்லை. மனைவி பிறகு சொல்லித்தான் தெரியும்.

பாத்திரத்தின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தேன். பொன்னிறத்தில் எண்ணெய் கசிந்து வளையமாக நின்றது. அவ்வளவு பயத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நெய் பிரிஞ்சிட்டு" என்றேன். "பதம் வந்துட்டு!"

மகள் சுவரிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னது பிரிஞ்சிட்டு?"

"நெய்யி."

"அப்பா! அமத்துங்க! அது அல்வா இல்லப்பா!"

அணைத்தேன். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. பளபளவென்று இருந்த சாக்லேட் ஈரமணல் போலத் திரிதிரியாகி, அதன்மேல் எண்ணெய் தனியே மிதந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். "மூணு வாரமாச் சேத்த சொத்து. அஞ்சே நிமிசத்துல முடிச்சிட்டியள" என்றாள்.

மகள் எழுந்து ஓடிவருவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளுடைய தோழிகளுக்காகச் செய்தது, சாயங்காலம் அவர்கள் வருகிறார்கள், கையில் வேறு சாக்லேட் கிடையாது. நானாக இருந்தால் தலை சுற்றினாலும் பாய்ந்திருப்பேன். அவள் கைப்பேசியைப் பார்த்தாள்.

"இன்னும் ஒம்பது நிமிசம் இருக்கு" என்றாள். "நான் எந்திரிக்க மாட்டேன். பாத்திரத்த எறக்கி மேடையில வைங்க. தொடாதிய. அம்மா, ஒரு தம்ளர் பாலச் சுட வை."

அந்த ஒன்பது நிமிடமும் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் அவளுக்கு நேரெதிரே இருந்தது. எண்ணெய் இன்னும் பிரிவதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் கால்விரல் மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயதில் ஆசைப்பட்டுச் செய்த ஒன்று கண்முன்னே கெட்டுக்கொண்டிருக்க, உடம்பு தயாராகும்வரை அசையாமல் இருப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆறு வருடம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும் விளங்கியது. ஊசி போடுவதும் எண் பார்ப்பதும் மட்டும்தான் அவள் வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

மணி அடித்தது. மறுபடி குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு. இரண்டு பிஸ்கட்டைத் தின்று முடித்து, கை கழுவிவிட்டுத்தான் எழுந்து வந்தாள். உதட்டுக்கு நிறம் திரும்பியிருந்தது.

"தள்ளுங்கப்பா. அடுப்புக்குக் காவல் நின்னது போதும்."

சூடான பாலில் ஒரே ஒரு கரண்டி எடுத்துச் சாக்லேட்டில் விட்டு வேகமாக அடித்தாள். இன்னும் மோசமானது. பால் திரிந்த மாதிரி இருந்தது. நான் "விட்டுரு மக்ளே, டவுனுக்குப் போயி வேற வாங்கிட்டு வாரேன்" என்றேன். அவள் இரண்டாவது கரண்டி விட்டாள். அடித்தாள். மூன்றாவது. நாலாவது கரண்டி விட்டு அடித்தபோது நடுவில் ஓர் இடம் மழமழப்பானது. அந்த இடம் மெல்ல அகன்று, ஓரத்து எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு ஒரே அடியில் மொத்தமும் சேர்ந்து, பட்டுத்துணி மடிப்பு மாதிரிக் கரண்டியிலிருந்து வழிந்தது.

"இது எப்படிட்டி உனக்குத் தெரியும்?"

"மொதல்ல ரெண்டு தடவ எனக்கும் பிரிஞ்சிருக்கு. நீங்க ஆபீஸ் போயிருந்திய. அம்மாக்குத் தெரியும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தேங்காயைப் பார்த்தாள்.

வெண்ணெய்த் தாள் விரித்த தட்டில் ஊற்றிச் சமன்படுத்தி, மேலே உடைத்த முந்திரியைத் தூவி, குளிர்பெட்டியில் வைத்தாள். இரண்டரை மணி நேரம். பிறகு அளவுகோலை வைத்து ஆறுக்கு ஆறாக வெட்டினாள். கத்தியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் நனைத்துத் துடைத்தாள். முப்பத்தாறு துண்டும் ஒரே அளவு. கணக்குப் போட்டு இன்சுலின் ஏற்றிக்கொண்டு, சிறிது நேரம் பொறுத்து ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். எனக்கும் ஒன்று தந்தாள். நாக்கில் வைத்ததும் கரைந்தது. கடைசியில் அந்தச் சிட்டிகை உப்பு தெரிந்தது. நான் மூன்று மணி நேரம் கிண்டிய எந்த அல்வாவிலும் இத்தனை நயம் கண்டதில்லை என்று சொன்னால் என் சித்தப்பா மகன்கள் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

சாயங்காலம் தோழிகள் மூன்று பேரும் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி வாயில் போட்டதுமே, "ஏளா, இத நீயா செஞ்ச? சத்தியமா?" என்றாள்.

"பாதி எங்கப்பா செஞ்சாவ. கெடுத்த பாதி."

அன்றைக்குத் தொலைபேசியில் பேசியவள்தான் அதிகமாகச் சிரித்தாள். அவளிடம் நான் இதுவரை கேட்காததைக் கேட்டேன். அவளுக்குச் சர்க்கரை இறங்கியது என்று உடனே எப்படிக் கண்டுபிடித்தாய், என்ன கொடுக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?

"அங்கிள், எங்களுக்கு எட்டாங்கிளாஸ்லயே டெஸ்ட் வச்சிட்டாளே" என்றாள் அவள். "நான் கொழறுனா என்ன குடுப்ப, முழுங்க முடியலன்னா என்ன செய்வ, யாருக்கு மொதல்ல போன் பண்ணுவன்னு கேள்வி. தப்பாச் சொன்னா திரும்ப டெஸ்ட். இவ" என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள், "மூணு தடவ ஃபெயிலு."

"ரெண்டு தடவைட்டி" என்றாள் அந்தத் தோழி, வாய் நிறைய ஃபட்ஜுடன்.

"அன்னைக்குக்கூட அருவிக்குள்ள போறதுக்கு முன்னால குளுக்கோஸ் யார் பையில இருக்குன்னு காட்டிட்டுத்தான் போனா" என்றாள் முதலில் பேசியவள்.

ஐந்தருவியில் அவளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று மூன்று வாரமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். யாரோ நல்ல பிள்ளைகள் உடன் இருந்தார்கள், கடவுள் காப்பாற்றினார் என்று. என் மகள் தன்னைச் சுற்றி ஆட்களை ஐந்து வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். அதை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அதற்கும் பயந்திருப்பேன்.

அவர்கள் போன பிறகு, விளக்குப் போட்ட நேரத்தில், நான் மேசைக்குப் போய் அந்தத் தாளை எடுத்தேன். அதில் ஒரு கட்டம் இருந்தது. மாணவியின் உடல்நலம் பற்றிக் காப்பாளர் அறிய வேண்டியவை, இரண்டே வரி இடம். நான் பதினோரு நாளும் அங்கேதான் நின்றுபோனேன். தனித் தாளில் மூன்று பக்கம் எழுதிப் பார்த்திருந்தேன். மணிக்கொரு தடவை பார்க்கச் சொல்லி, மாடி அறை வேண்டாம் என்று, சுற்றுலா எதற்கும் அனுப்ப வேண்டாம் என்று. அந்த மூன்று பக்கத்தை அவளிடம் காட்டவில்லை. பேனாவை மட்டும் கொடுத்தேன்.

"நீ எழுது" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். எழுதினாள்: எனக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். இன்சுலின் நானே போட்டுக்கொள்வேன். நான் குழறிப் பேசினால் குளுக்கோஸ் கொடுங்கள்; விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அறையில் இருப்பவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

இரண்டு வரிக்குள் அடங்கவில்லை, கட்டத்தின் ஓரத்தில் திரும்பி ஏறியிருந்தது. ஆனால் சேர்க்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எடுக்கவும் ஒன்றுமில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். பேனா நடுங்கித் தாள் நகர்ந்தது. அவள் தாளின் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், நான் தேதியையும் எழுதி முடிக்கும்வரை.